திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இன்சூரன்ஸ் தள்ளுபடி: அந்த 2.5 சதவீதத்தில் என்ன இருக்கிறது?

கார் இன்சூரன்ஸை இணையத்தில் புதுப்பிக்கும்போது, பல நிறுவனங்களின் படிவத்தில் ஒரு கேள்வி வருகிறது: "ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி வண்டியில் பொருத்தப்பட்டுள்ளதா?" (ஏ.ஆர்.ஏ.ஐ. என்பது ஒரு வாகன ஆராய்ச்சி நிறுவனம்.) பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும், அதில் 'ஆம்' என்று குறித்தால் பிரீமியம் நூறு, இருநூறு ரூபாய் இறங்கும். சாவியில் ரிமோட் இருக்கிறது, கதவை நெம்பினால் அலாரம் கூவுகிறது, எனவே 'ஆம்' என்பதே சரியான பதில் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்பது வேறு. அதற்கு 'ஆம்' என்றால் வண்டி உரிமையாளர் ஒரு சான்றிதழ் தம்மிடம் இருப்பதாக அறிவிக்கிறார், ஒரு நிபந்தனையையும் ஏற்றுக்கொள்கிறார். கிடைக்கும் தொகை எவ்வளவு, அதற்கு ஈடாக ஏற்கும் பொறுப்பு எவ்வளவு என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பிரீமியத்தின் எந்தப் பகுதியில் தள்ளுபடி?

கார் பாலிசி இரண்டு தனித்தனிக் காப்பீடுகளைச் சேர்த்துக் கட்டியது.

1. தேர்டு பார்ட்டி எனப்படும் மூன்றாம் தரப்புக் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கு உரியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இதைத்தான். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1000 சிசிக்குள் உள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1000 முதல் 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. இதில் திருட்டுத் தடுப்புக் கருவிக்கான தள்ளுபடிக்கு இடமில்லை.

2. ஓன் டேமேஜ் எனப்படும் சொந்தச் சேதக் காப்பீடு. விபத்து, தீ, வெள்ளம், கலவரம், திருட்டு என நம் வண்டிக்கே நேரும் இழப்புக்கு உரியது. இது சட்டப்படி கட்டாயம் இல்லை. கட்டணத்தை நிறுவனமே வகுக்கிறது.

தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவரின் கார் திருடுபோனால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அதே காரணத்தால் திருட்டுத் தடுப்புக் கருவிக்கான தள்ளுபடியும் அவருக்குக் கிடையாது. தள்ளுபடி முழுவதும் இரண்டாவது பகுதியில் மட்டுமே கணக்கிடப்படுகிறது.

விதி எங்கிருந்து வந்தது?

2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் இதற்கென ஒரு பொதுவிதி இருந்தது. புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் அங்கீகரித்த கருவி வண்டியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பொருத்தியதை அங்கீகாரம் பெற்ற ஆட்டோமொபைல் சங்கம் ஒன்று சான்றளிக்க வேண்டும். இரண்டும் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் ரூ.500 கழிக்கப்படும். விதி பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சங்கங்களில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கமும் ஒன்று.

2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தின் மீதிருந்த கட்டணக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் தத்தம் விகிதத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. ஆயினும் பழைய தொகுப்பின் வாசகங்களும் எண்களும் பாலிசி ஆவணங்களில் வெகுகாலம் தங்கிவிட்டன. பாலிசி அட்டவணையின் அடியில் 'ஐ.எம்.டி. 7, 10, 22, 28' என்பது போல ஒரு வரி இருந்தால், அந்த எண்கள் பழைய தொகுப்பின் ஒப்புதல்களை, அதாவது பாலிசியோடு சேர்க்கப்படும் தனி வாசகங்களைக் குறிக்கும். அதில் 7 என்பது வங்கிக் கடன் அடமானத்தையும், 22 என்பது நாமே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவையும், 28 என்பது சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பையும் குறிக்கும். 10 என்று இருந்தால் திருட்டுத் தடுப்புக் கருவி இருப்பதாகச் சொல்லித் தள்ளுபடி பெற்றிருக்கிறீர்கள் என்று பொருள். முகவர் வழியாக பாலிசி எடுத்தவர்கள் இந்த வரியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. விலைப் போட்டியில் இருநூறு ரூபாயைக் குறைத்துக் காட்டுவதற்காக, கேட்காமலேயே குறித்துவிடக்கூடிய கட்டங்களில் இதுவும் ஒன்று.

ஒரு காருக்கான கணக்கு

சென்னையில் பதிவான, 1197 சிசி எஞ்சின் கொண்ட, ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஐ.டி.வி. ரூ.6,00,000. ஐ.டி.வி. என்பது வண்டி முற்றிலும் அழிந்தாலோ திருடுபோனாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை. விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இதைக் கணக்கிடுகிறார்கள்.

1. பழைய கட்டண விகிதத்தில் சென்னை 'அ' மண்டலம். இந்த வகைக் காருக்கு ஐ.டி.வி.யில் 3.283 சதவீதம். ஆகவே சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.19,698. அதில் 2.5 சதவீதம் ரூ.492. ஐந்நூறு ரூபாய் வரம்பை ஏறக்குறைய தொட்டுவிட்டது. பிரீமியம் ரூ.20,000ஐத் தாண்டிய பிறகு கார் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஐந்நூறுக்கு மேல் போகாது.

2. இன்று அந்தப் பழைய விகிதத்தில் யாரும் முழுத்தொகையாக வசூலிப்பதில்லை. நிறுவனம் 60 சதவீதம் குறைத்துத் தருகிறது என்று வைத்துக்கொண்டால் பிரீமியம் ரூ.7,879 ஆகிறது. கருவிக்கான 2.5 சதவீதத்தை இதன்மீது கணக்கிட்டால் ரூ.197.

3. நோ கிளெய்ம் போனஸ் எல்லாத் தள்ளுபடிகளுக்கும் பிறகு, எஞ்சிய தொகையில் கழிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு அது 25 சதவீதம். அதைச் சேர்த்துப் பார்த்தால் கருவியால் மிச்சமாவது ரூ.148. பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அந்த அளவுக்குக் குறைவதால், கையில் மிஞ்சுவது ஏறத்தாழ ரூ.174.

மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்கள் பழைய தொகுப்பில் 'ஆ' மண்டலம். அங்கே விகிதம் சற்றே குறைவு என்பதால் மிச்சமும் சற்றே குறையும்.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. தொழிற்சாலை விலையில் அடங்காத மின்னணுத் துணைக்கருவி எதையும் தனியே அறிவித்து, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அந்தக் கருவிக்கும் காப்பீடு உண்டு என்பது அதே பழைய தொகுப்பின் 24ஆம் ஒப்புதல். ரூ.8,000 கொடுத்து வெளியில் அலாரமும் இம்மொபிலைசரும் பொருத்தியவர் அவற்றையும் காப்பீட்டில் சேர்க்க விரும்பினால் ரூ.320 கட்ட வேண்டும். கருவி பொருத்தியதற்குக் கழிவு ரூ.197, கருவியைக் காக்கக் கட்டணம் ரூ.320! ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்காக மட்டுமே பழைய தொகுப்பு 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.200 தள்ளுபடி தந்தது. மேற்கண்ட காருக்கு அது கருவித் தள்ளுபடியைவிட மூன்று ரூபாய் அதிகம். சேதச் செலவில் முதல் ரூ.2,500ஐத் தாமே ஏற்க முன்வருபவருக்கோ 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.750 குறைத்தது.

ஆகவே தள்ளுபடியை நம்பிக் கருவி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. போட்ட பணத்தை இந்த வழியில் எடுப்பதற்குள் கார் பழைய இரும்புக் கடைக்கே போய்விடும்.

ஏன் இவ்வளவு குறைவு?

இதை நிறுவனங்களின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சொந்தச் சேதப் பிரீமியம் பல ஆபத்துகளுக்குச் சேர்த்து வாங்கும் ஒரே தொகை. பின்பக்க பம்பர் நசுங்குவதும், முன் கண்ணாடி உடைவதும், பழுதுபார்க்கும் பட்டறையின் பெயின்ட் செலவும் அதற்குள்தான் வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தெருவோரம் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. அங்கே உலகத்தரமான இம்மொபிலைசர் இருந்தாலும் இழப்பு ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. கருவி குறைப்பது மொத்த ஆபத்தில் திருட்டு என்ற ஒரு கூறை மட்டுமே. அதையும் முற்றாக நீக்குவதில்லை.

இரண்டாவது காரணம், கருவி உண்மையில் வேலை செய்கிறதா என்று நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் தெரிய வழியில்லை என்பது. தலைக்கவசம் தலையில் இருக்கிறதா என்று தெருவில் நிற்கும் காவலர் பார்க்கலாம். அலாரத்தின் ஃபியூஸ் இடத்தில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

மூன்றாவது, காரின் மாடலை வைத்தே நிறுவனங்கள் விகிதத்தை வகுக்கும் இன்றைய நிலையில், தொழிற்சாலையிலேயே வரும் பாதுகாப்பு அம்சங்களின் பலன் ஓரளவு அந்த விகிதத்துக்குள்ளேயே கலந்துவிடுகிறது. அதே பலனுக்குத் தனியே இன்னொரு பெரிய கழிவு தருவதற்கு அவற்றுக்குத் தூண்டுதல் இல்லை.

எது திருட்டுத் தடுப்புக் கருவி?

கடைகளில் ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்கள் செய்யும் வேலை வெவ்வேறு.

1. இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிறு சில்லு இருக்கும். சாவியைத் திருப்பியதும் காரின் கட்டுப்பாட்டுக் கணினி அந்தச் சில்லின் குறியீட்டைக் கேட்கும். பொருந்தாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஒயரைப் பிடுங்கி ஒட்டவைத்து வண்டியைக் கிளப்பும் பழைய உத்தியை ஒழித்துக்கட்டியது இதுதான்.

2. அலாரம். ஓசை எழுப்பும், அவ்வளவே. அக்கம்பக்கத்தார் சன்னலைத் திறந்து பார்த்தால்தான் அதற்குப் பயன்.

3. கியர் லாக், ஸ்டீயரிங் லாக். வெறும் இரும்பு. ஆனால் மின்னணு உத்திகளில் தேர்ந்த திருடனுக்கும் வெட்டும் கருவியும் நேரமும் தேவைப்பட வைக்கும்.

4. ஜி.பி.எஸ். டிராக்கர். திருட்டைத் தடுப்பதில்லை, திருடிய வண்டியைக் கண்டுபிடிக்க உதவுகிறது. உள்ளே ஒரு சிம் கார்டு, அதற்கு ஆண்டுச் சந்தா. சந்தா முடிந்தால் அது வெறும் டப்பா. சமிக்ஞையை முடக்கும் ஜாமர் கருவிகளுக்கும், பாதாள வாகன நிறுத்தங்களுக்கும் முன்னால் அதன் திறன் குறையும்.

சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் வந்தபிறகு திருட்டின் வழிகளும் மாறிவிட்டன. வீட்டுக்குள் மேசை மேல் கிடக்கும் சாவியின் மெல்லிய ரேடியோ சமிக்ஞையை ஒருவர் வாசலருகே நின்று பிடித்துப் பெருக்கி அனுப்ப, காரருகே நிற்கும் இன்னொருவரின் கருவி அதைப் பெற்று, சாவி பக்கத்திலேயே இருப்பதாகக் காரை நம்பவைப்பது ஒரு முறை. டாஷ்போர்டுக்குக் கீழே மெக்கானிக்குகள் பழுதறியப் பயன்படுத்தும் ஓ.பி.டி. துளையில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவுசெய்துகொள்வது இன்னொரு முறை. இரண்டிலும் இம்மொபிலைசர் ஏமாற்றப்படுகிறது. அது பழுதாகவில்லை, சரியான சாவி வந்துவிட்டது என்றே நினைக்கிறது. சமிக்ஞையைத் தடுக்கும் உறையில் சாவியை வைப்பதும், ஓ.பி.டி. துளைக்குப் பூட்டுப் போடுவதும், பழைய கியர் லாக்கும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. இவற்றில் உறைக்கு எந்த நிறுவனமும் தள்ளுபடி தருவதில்லை என்பது வேறு விஷயம்.

'என் காரில் தொழிற்சாலையிலேயே இம்மொபிலைசர் இருக்கிறதே, எனக்குத் தள்ளுபடி உண்டா?' என்பதுதான் அதிகக் குழப்பம் தரும் கேள்வி. பழைய விதி தொழிற்சாலைக் கருவி, வெளிக்கருவி என்று பிரிக்கவில்லை. அது கேட்டது அங்கீகாரமும் பொருத்தியதற்கான சங்கச் சான்றும். தொழிற்சாலைக் கருவியோடு வரும் காரில் அந்தச் சங்கச் சான்று கைக்கு வருவதில்லை. எனவே கருவி உண்மையாகவே இருந்தாலும், சான்று இல்லாத நிலையில் கட்டத்தில் 'ஆம்' எனக் குறிப்பது ஆதாரமற்ற அறிவிப்பாகிவிடும். சில நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியில் இதைத் தளர்த்தியிருக்கலாம்; அதை அவர்களிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே குறிக்க வேண்டும். வாடகை வண்டிகளிலும் பேருந்துகளிலும் கட்டாயமாகப் பொருத்தப்படும், அவசரப் பொத்தானுடன் கூடிய இருப்பிடமறியும் கருவி பயணிகள் பாதுகாப்புக்கான தனி ஏற்பாடு. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் அப்படியே. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் அது உண்டு, தள்ளுபடிக்கு அது கணக்கில் வராது.

தள்ளுபடியோடு ஒட்டிவரும் நிபந்தனை

10ஆம் ஒப்புதலின் வாசகத்தில் இரண்டாவது பகுதியைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பாலிசிக் காலம் முடியும்வரை கருவி எப்போதும் சரியாக இயங்கும் நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்ற கடமையைக் காப்பீடு எடுத்தவர் மீது அது சுமத்துகிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? தெருநாய் காரின் மேல் ஏறினால் அலாரம் கத்துகிறது. தீபாவளிக்கு லட்சுமி வெடி வெடித்தால் தெருவிலுள்ள பாதிக் கார்கள் சேர்ந்து அலறுகின்றன. இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் முகச்சுளிப்பைப் பார்த்த பிறகு, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறோம். டிராக்கரின் சந்தா முடிந்து மாதக்கணக்காகிறது. கியர் லாக்கின் சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பாலிசியில் மட்டும் 10 என்ற எண் அப்படியே இருக்கிறது.

இந்த நிலையில் கார் திருடுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். திருட்டு வழக்கில் நிறுவனம் புலனாய்வாளரை அனுப்பும். காரின் இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தால் கேள்விகள் பெருகும். எஃப்.ஐ.ஆர்., வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறை அறிக்கை, ஆர்.சி., பெயர் மாற்றப் படிவங்கள் ஆகியவற்றோடு, தள்ளுபடி பெற்றிருந்தால் கருவியின் அங்கீகாரச் சான்றையும் சங்கச் சான்றையும் கேட்க அதற்கு உரிமை உண்டு. சான்றே இல்லை என்றால் அது தவறான அறிவிப்பு. சான்று இருந்தும் கருவி முடக்கப்பட்டிருந்தால் அது நிபந்தனை மீறல். ஆறு லட்ச ரூபாய்க் கோரிக்கையில், ஆண்டுக்கு ரூ.174க்காகக் குறித்த ஒரு கட்டம் எதிர்த்தரப்பின் வாதத்துக்குக் கைப்பிடியாகிவிடுகிறது.

அப்படியானால் முழுத் தொகையும் போய்விடுமா? நீதிமன்றங்கள் எப்போதும் அவ்வளவு தூரம் போவதில்லை. மூன்று தீர்ப்புகளை இங்கே நினைவில் கொள்ளலாம்.

1. சொந்தப் பயன்பாட்டுக்கென்று காப்பீடு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது பறிகொடுத்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம், திருட்டால் நேர்ந்த இழப்பில் பயன்பாடு பற்றிய நிபந்தனை மீறலைக் காட்டி முழுமையாக மறுப்பது சரியல்ல என்று கூறி, 75 சதவீதத் தொகையை வழங்கச் செய்தது.

2. திருட்டைக் காவல்துறையிடம் உடனே தெரிவித்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தது ஒன்றை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக்கூடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்த்தது.

3. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிப்போன நேரத்தில் வண்டி திருடப்பட்ட வழக்கிலும், 2023 ஜூலையில் 75 சதவீதம் வழங்கப்பட்டது.

இவற்றில் எதுவும் திருட்டுத் தடுப்புக் கருவி பற்றி நேரடியாகப் பேசவில்லை. அத்துடன் கவனிக்க வேண்டியது, கருவி முடக்கப்பட்டிருப்பது முதல் வழக்கின் மீறலைப்போலத் திருட்டுக்குத் தொடர்பற்ற மீறல் அல்ல. திருட்டோடு நேரடித் தொடர்புடையது. ஆகவே அந்தத் தீர்ப்பின் நிழலில் முழுப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 75 சதவீதம் கிடைத்தாலும், மேற்கண்ட காரில் இழப்பது ரூ.1,50,000, அதுவும் நுகர்வோர் ஆணையம், மேல்முறையீடு என்று ஆண்டுகள் கழிந்த பிறகு.

வெளியில் பொருத்தும் கருவிக்காக ஒயரை வெட்டி ஒட்டும்போது உற்பத்தியாளரின் மின்சார வாரண்டி பாதிக்கப்படுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மோசமான ஒயரிங்கால் தீப்பிடித்தால் அது இன்னொரு தகராறுக்கு வாசல் திறக்கும்.

பிற நாடுகள் எடுத்த வழி

சில நாடுகள் சிறு தள்ளுபடியை நம்பாமல் கருவியைக் கட்டாயமாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 1998இலிருந்து புதிய கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001லும், கனடா 2007லும் அதைப் பின்பற்றின. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. நியூயார்க் போன்ற மாநிலங்களில் காப்பீட்டுத் தள்ளுபடியைச் சட்டம் கட்டாயமாக்கியதோடு சரி. அதன் விலை 2021க்குப் பிறகு தெரிந்தது: 2015 மாடல் கார்களில் மற்ற உற்பத்தியாளர்கள் 96 சதவீத மாடல்களில் இம்மொபிலைசரை இயல்பாகவே தந்திருந்தபோது, ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 26 சதவீதத்தில் மட்டுமே தந்திருந்தன. ஒரு யு.எஸ்.பி. கம்பி முனையைக் கொண்டு அந்தக் கார்களைக் கிளப்பும் காணொளிகள் பரவி, திருட்டு பெருகியதும், 2023இல் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரசிவ் ஆகிய பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில நகரங்களில் அந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தர மறுத்தன. அங்கே கருவி இல்லாததன் விலை பிரீமியத்தில் சில சதவீதம் கூடுவதோடு நிற்கவில்லை. சிலருக்குக் காப்பீடே கிடைக்கவில்லை.

தள்ளுபடி பெற விரும்புவோர் செய்யவேண்டியவை

1. கருவியை வாங்குமுன் ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரச் சான்றின் நகலைக் கேளுங்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் போதாது; சான்றில் உள்ள மாடல் எண்ணும் கருவியின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. பொருத்திய பிறகு ரசீது, ஆர்.சி., வண்டி ஆகியவற்றுடன் ஆட்டோமொபைல் சங்க அலுவலகத்தில் காட்டிச் சான்று பெறுங்கள். அந்தச் சான்றின் நகலை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமித்துவையுங்கள்.

3. பாலிசி ஆண்டின் நடுவில் பொருத்தினால், பழைய விதிப்படி மீதமுள்ள காலத்துக்கு விகிதாசாரக் கழிவு உண்டு. தொகை சொற்பம் என்பதால் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருப்பதே வசதி.

4. வாங்கி ஓரிரண்டு ஆண்டே ஆன காரென்றால், அதே கவனத்தை ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பின் மீது செலுத்துங்கள். திருடுபோன காருக்கு ஐ.டி.வி. மட்டும் கிடைக்கும் என்ற நிலையை மாற்றி, ரசீது விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது அது.

5. இப்போது கையில் உள்ள பாலிசியில் 10 என்ற எண் இருந்து, சான்றோ இயங்கும் கருவியோ இல்லாவிட்டால், அந்த ஒப்புதலை நீக்கி, கழித்த தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள். திருத்திய பாலிசி அட்டவணை கைக்கு வந்ததும் அதில் அந்த எண் போய்விட்டதா என்று சரிபாருங்கள். காரை விற்கும்போது கருவியைக் கழற்றி வைத்துக்கொள்வதானால், வாங்குபவர் பெயருக்கு பாலிசியை மாற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.